குடும்பத்தோடு வாடகை வீட்டில் சில நாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விடுமுறை நெருங்கினால் உறவினர்களும் நண்பர்களும் என்னிடம் கேட்பவை பெரும்பாலும் ஒரே சந்தேகங்கள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டுவிட்டேன். ஏர்பிஎன்பி, விஆர்பிஓ, புக்கிங் டாட் காம் போன்ற தளங்களில் சில இரவுகளுக்கு எடுக்கும் முழு வீடுகளைப் பற்றித்தான் பேசுகிறேன். விதிகளைக் குறிப்பிடும் இடங்களில் பெரும்பாலும் ஏர்பிஎன்பியின் விதியைச் சொல்லியிருக்கிறேன். நீங்கள் பதிவு செய்யும் தளத்தின் விதியையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹோட்டல்லயே ரெண்டு ரூம் போட்டா போதாதா? வீடு எதுக்கு?

ஓரிரண்டு இரவுதான் என்றால் ஹோட்டலே மேல் என்பது என் கருத்து. மூன்று இரவுக்கு மேல் தங்குவதாகவும், குழந்தைகளோ பெரியவர்களோ கூட வருவதாகவும் இருந்தால்தான் வீட்டின் அருமை தெரியும். குழந்தை எட்டு மணிக்குத் தூங்கிவிட்டால் ஹோட்டல் அறையில் பெற்றோரும் விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும். வீட்டில் கதவைச் சாத்திவிட்டுக் கூடத்தில் பேசிக்கொண்டிருக்கலாம். பாலைச் சுடவைக்கலாம், மருந்தைக் குளிர்பெட்டியில் வைக்கலாம், துணி துவைக்கலாம்.

அதற்கு ஈடாக ஒன்றை விட்டுக்கொடுக்கிறீர்கள். ஹோட்டலில் நள்ளிரவில் குழாய் ஒழுகினாலும் கீழே போய்ச் சொல்ல ஒருவர் இருப்பார், வேறு அறை கிடைக்கும். வாடகை வீட்டில் அந்த ஆள் இல்லை, மாற்று அறையும் இல்லை. அதனால்தான் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்ற போக்கு இங்கே உதவாது. கேட்க வேண்டியதையெல்லாம் பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிவிட வேண்டும். கீழே உள்ள பதில்களில் பாதி இதைச் சுற்றியே வரும்.

'6 பேர் தங்கலாம்'னு போட்டிருக்கு, நாங்களும் 6 பேர்தான். சரியா வருமா?

பல நேரம் வராது. அந்த 6 என்பது இரண்டு இரட்டைக் கட்டிலும் கூடத்தில் ஒரு சோபா கம் பெட்டும் சேர்ந்த கணக்காக இருக்கலாம். சோபாவில் படுப்பவர் எல்லாரும் தூங்கிய பிறகுதான் படுக்க முடியும், எல்லாருக்கும் முன்னால் எழுந்துவிட வேண்டும். ஆள் கணக்கை விட்டுவிட்டுக் கட்டில் கணக்கைப் பாருங்கள்: எத்தனை அறை, எந்த அறையில் எந்த அளவு கட்டில், கதவு சாத்தக்கூடிய அறைகள் எத்தனை. குளியலறை எண்ணிக்கையையும் பாருங்கள். காலையில் எல்லாரும் ஒரே நேரத்தில் கிளம்ப வேண்டிய பயணத்தில் ஆறு பேருக்கு ஒரு குளியலறை என்பது தினமும் ஒரு மணி நேரத்தைத் தின்றுவிடும்.

கைக்குழந்தையையும் ஆள் கணக்குல சேர்க்கணுமா?

ஏர்பிஎன்பியில் 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் தங்குவோர் வரம்பில் வரமாட்டார்கள். ஆனாலும் பதிவு செய்யும்போது குழந்தையைக் குறிப்பிடுங்கள், ஹோஸ்டுக்கும் (வீட்டை வாடகைக்கு விடுபவருக்கும்) ஒரு வரி எழுதுங்கள். சில வீடுகள் சிறு குழந்தைகளுக்குப் பாதுகாப்பானவை அல்ல என்று லிஸ்டிங்கிலேயே (தளத்தில் அந்த வீட்டுக்கான பக்கத்திலேயே) எழுதியிருப்பார்கள். அதை ஒரு எச்சரிக்கையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். 2 வயதைத் தாண்டிய குழந்தை முழு ஆளாகத்தான் கணக்கு.

போட்டோ எல்லாம் ரொம்ப நல்லா இருக்கு. நம்பலாமா?

இருப்பதை நம்பலாம், இல்லாததைக் கவனியுங்கள். முப்பது படங்களில் குளியலறைப் படம் ஒன்றுகூட இல்லையென்றால் அதற்குக் காரணம் இருக்கும். வெளிவாசல், மாடிப்படி, ஜன்னலுக்கு வெளியே தெரிவது ஆகிய மூன்றும் படத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். அகலக் கோண லென்ஸில் எடுத்தால் சின்ன அறையும் பெரிதாகத் தெரியும். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ஆள் நடக்க இடம் இருக்கிறதா என்று பார்த்தால் உண்மை அளவு பிடிபடும்.

ரேட்டிங்கை விட ரிவியூவின் வாசகங்கள் முக்கியம். அண்மையில் எழுதியவற்றிலிருந்து தொடங்குங்கள். 'குழந்தை', 'படி', 'சத்தம்', 'வெந்நீர்' என்று தேடிப் படியுங்கள். ஜோடியாகப் போனவர்கள் ஐந்து நட்சத்திரம் கொடுத்த வீடு, பாட்டியும் பேரனும் சேர்ந்த குடும்பத்துக்கு ஒத்துவராமல் போகலாம். குடும்பத்தோடு தங்கியவர் எழுதிய ஒரே ஒரு ரிவியூ மற்ற பத்துக்குச் சமம்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. 'லிஃப்ட் இருக்கு'ன்னு போட்டிருக்காங்க. போதுமா?

போதாது. லிஃப்டுக்குப் போவதற்கு முன்பே ஆறேழு படி இருக்கும் கட்டடங்கள் உண்டு. அரை மாடியில் மட்டும் நிற்கும் லிஃப்டுகள் உண்டு. வீட்டுக்குள்ளேயே படுக்கையறை மேல் தளத்தில் இருப்பதும் உண்டு. நான் ஹோஸ்டுக்கு அனுப்பச் சொல்வது இந்த மாதிரிச் செய்திதான்: "எங்களுடன் வரும் ஒருவரால் படி ஏற முடியாது. வண்டி நிற்கும் இடத்திலிருந்து படுக்கை வரை மொத்தம் எத்தனை படிகள்? ஒன்றிரண்டு இருந்தாலும் சொல்லுங்கள்." எண்ணைக் கேட்டால் எண்ணில் பதில் வரும். 'வசதியாக இருக்குமா' என்று கேட்டால் 'இருக்கும்' என்றுதான் வரும்.

அடுத்தது குளியலறை. குளிக்கும் தொட்டிக்குள் காலைத் தூக்கி வைத்துத்தான் குளிக்க வேண்டுமா, தரையோடு தரையாக ஷவர் இருக்கிறதா? பிடித்துக்கொள்ளக் கைப்பிடி உண்டா? இரவில் எழுந்து போகப் படுக்கையறையிலிருந்து எவ்வளவு தூரம்? வயதானவர்கள் விழுவது பெரும்பாலும் பழக்கமில்லாத இடத்தில், இருட்டில், ஈரத்தரையில். ஒரு சிறிய இரவு விளக்கும் வழுக்காத ரப்பர் விரிப்பும் பெட்டியில் இருக்கட்டும். அதிக இடம் பிடிக்காது.

இந்த விஷயத்தில் நான் பிடிவாதக்காரி. வீட்டை யாருக்குப் பிடித்திருக்கிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது. யாருக்கு மிகவும் கஷ்டமோ அவரை வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். நல்ல காட்சி தெரியும் நான்காம் மாடி வீட்டில் அம்மா நாள் முழுக்க அடைந்து கிடந்தால், அது குடும்பப் பயணமே இல்லை.

தவழுற குழந்தை இருக்கு. என்னென்ன கேக்கணும், என்னென்ன பார்க்கணும்?

முதலில் தண்ணீர். நீச்சல் குளம் உள்ள வீடு என்றால் நான்கு பக்கமும் வேலி இருக்கிறதா, கதவு தானாக மூடித் தாழிட்டுக்கொள்ளுமா என்று கேளுங்கள். வேலி குறைந்தது 1.2 மீட்டர் உயரம் இருக்க வேண்டும் என்பது பரவலான பரிந்துரை. மூன்று பக்கம் வேலி, நான்காவது பக்கம் வீட்டின் பின்கதவு என்றால் அது வேலியே இல்லாததற்குச் சமம். குழந்தை வெளியே போகும் வழியே அந்தப் பின்கதவுதான். நடக்கத் தொடங்கிய குழந்தையோடு வேலியில்லாத குளம் உள்ள வீட்டை எடுக்கவே வேண்டாம்.

அடுத்து உயரம். பால்கனிக் கம்பிகளுக்கு நடுவே 10 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால் சிறு குழந்தை நுழைந்துவிட முடியும். கம்பி சரியாக இருந்தாலும் அதன் பக்கத்தில் நாற்காலியோ பூந்தொட்டியோ இருந்தால் அது ஏணியாகிவிடும். போனதும் உள்ளே நகர்த்துங்கள். ஜன்னல் திரையின் தொங்கும் கயிறுகளைக் கழுத்தில் மாட்டாத உயரத்துக்குக் கட்டிவையுங்கள். சுவரில் பிணைக்காத அலமாரியும் டிவியும் குழந்தை பிடித்து ஏறினால் சாயும். வெந்நீர்க் குழாயை முதலில் நீங்கள் திறந்து பாருங்கள். 60 டிகிரி வெந்நீர் சில விநாடிகளில் தோலைப் பொசுக்கிவிடும், ஹீட்டரை 49 டிகிரிக்கு மேல் வைக்காதீர்கள் என்பது குழந்தைகள் உள்ள வீடுகளுக்கான பொதுவான அறிவுரை.

தொட்டில் தருவதாகச் சொன்னால் படம் கேளுங்கள். பக்கக் கம்பி கீழே இறங்கும் பழைய வகைத் தொட்டிலை அமெரிக்காவில் 2011 முதல் விற்கவே தடை. குழந்தைகள் இடுக்கில் சிக்கி இறந்ததுதான் காரணம். கம்பிகளின் இடைவெளி 6 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. மெத்தை கெட்டியாக, ஓரத்தில் இடைவெளி இல்லாமல் பொருந்த வேண்டும். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் தொட்டிலில் தலையணை, மெத்தென்ற போர்வை, பொம்மை எதையும் வைக்காதீர்கள், ஹோஸ்ட் அன்போடு வைத்திருந்தாலும் எடுத்துவிடுங்கள்.

ராத்திரிக்கு இவ்வளவுன்னு பார்த்தோம். கடைசியில தொகை எங்கேயோ போயிடுச்சு. ஏன்?

இரவு வாடகையோடு சுத்தம் செய்யும் கட்டணம், தளத்தின் சேவைக் கட்டணம், வரி, சில இடங்களில் கூடுதல் ஆளுக்கான கட்டணம் எல்லாம் சேரும். சுத்தம் செய்யும் கட்டணம் எத்தனை நாள் தங்கினாலும் பெரும்பாலும் ஒரே தொகைதான். ஓர் இரவுக்கு அது கனமாகத் தெரியும், ஏழு இரவுக்குப் பரவிவிடும். முதல் பதிலில் மூன்று இரவு என்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது நிலைமை கொஞ்சம் மேல். வரி நீங்கலான மொத்தத் தொகையை முதலிலேயே காட்டும் முறையை ஏர்பிஎன்பி 2025 ஏப்ரலில் உலகம் முழுவதற்கும் கொண்டுவந்தது. அமெரிக்காவில் தங்குமிடங்களுக்குக் கட்டாயக் கட்டணங்களைச் சேர்த்தே விலை காட்ட வேண்டும் என்ற விதி 2025 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. ஆனாலும் இரண்டு வீடுகளை ஒப்பிடும்போது பணம் கட்டும் கடைசிப் பக்கம் வரை போய், அங்கே தெரியும் தொகைகளை ஒப்பிடுங்கள்.

ஹோஸ்ட் 'ஆப்பை விட்டுட்டு நேரா அனுப்புங்க, குறைச்சுத் தர்றேன்'னு சொல்றார். அனுப்பலாமா?

அனுப்பாதீர்கள். ஏமாற்றுக்காரர்களின் வழக்கமான வழி இதுதான். ஹோஸ்ட் நேர்மையானவராகவே இருந்தாலும், வெளியே பணம் கட்டிய நொடியில் தளத்தின் பாதுகாப்பு எல்லாம் போய்விடும். வீடு இல்லையென்றாலும், கடைசி நேரத்தில் ரத்தானாலும் உங்களுக்காகக் கேட்க யாரும் இல்லை. பேச்சும் அப்படியே: தொலைபேசியில் பேசினாலும் 'நீங்கள் சொன்னபடி தொட்டில் இருக்கும், படி எதுவும் கிடையாது' என்று ஆப்பில் ஒரு வரி எழுதி அவர் 'ஆம்' என்று போடும்படி செய்யுங்கள். பிரச்சினை வந்தால் தளம் பார்ப்பது அந்த உரையாடலைத்தான்.

குழந்தைக்கு உடம்பு சரியில்லாம போனா கேன்சல் பண்ணா பணம் வருமா?

காரணத்தைப் பொறுத்தது அல்ல, ஹோஸ்ட் தேர்ந்தெடுத்திருக்கும் ரத்து விதியைப் பொறுத்தது. ஏர்பிஎன்பியில் 'ஃபிளெக்ஸிபிள்' என்றால் செக்-இன்னுக்கு 24 மணி நேரம் முன்பு வரையிலும், 'மாடரேட்' என்றால் 5 நாள் முன்பு வரையிலும் முழுப் பணம் திரும்பும். அதைவிடக் கடுமையான விதிகளும் உண்டு. காய்ச்சல், பள்ளித் தேர்வு மாற்றம் போன்றவை பெரும்பாலும் விதிவிலக்காக ஏற்கப்படுவதில்லை.

குழந்தைகளும் பெரியவர்களும் வரும் பயணத்தில் கடைசி வாரத்தில் எதுவும் நடக்கலாம். கொஞ்சம் கூடுதல் விலையானாலும் எளிதாக ரத்து செய்யக்கூடிய வீட்டையே எடுக்கச் சொல்வேன். பயணக் காப்பீடு எடுப்பதாக இருந்தால், உடல்நலக் காரணத்தால் தங்குமிடம் ரத்தானால் ஈடு உண்டா என்ற வரியைத் தேடிப் படித்துவிட்டு எடுங்கள்.

ராத்திரி 11 மணிக்கு மேலதான் போய்ச் சேருவோம். சாவி எப்படி வாங்குறது?

பல வீடுகளில் எண் பூட்டோ சாவிப் பெட்டியோ இருக்கும். முகவரி, வாசல் எண், பூட்டின் குறியீடு, வாசலின் படம் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, குறைந்தது இரண்டு பேர் போனில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே இணையம் கிடைக்காமலும் போகலாம். நேரில் சாவி தரும் ஹோஸ்ட் என்றால் தாமதமானால் என்ன செய்வது என்று முன்பே கேளுங்கள். தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் நிற்க நேரக் கூடாது.

எல்லாரோட பாஸ்போர்ட் காப்பியும் கேக்குறாங்க. கொடுக்கணுமா?

பல நாடுகளில் சட்டமே கேட்கிறது. இத்தாலியில் தங்குவோர் விவரத்தை ஹோஸ்ட் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். ஸ்பெயினில் 2024 டிசம்பர் முதல் தங்குவோர் விவரங்களை அரசுத் தளத்தில் பதிவது கட்டாயம். ஜப்பானில் அந்நாட்டில் முகவரி இல்லாத வெளிநாட்டவரின் பாஸ்போர்ட் விவரத்தை வாங்க வேண்டும். எந்தச் சட்டத்தின்படி என்று கேட்பதில் தவறில்லை. அனுப்புவதாக இருந்தால் ஆப் வழியாக அனுப்புங்கள், படத்தின் குறுக்கே தங்கும் தேதியையும் நோக்கத்தையும் எழுதிவிடுங்கள். வங்கி அட்டைப் படத்தைக் கேட்டால் மட்டும் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள்.

வீட்டுக்குள்ள கேமரா இருக்குமோன்னு பயமா இருக்கு.

பயம் நியாயமானதுதான். ஏர்பிஎன்பி 2024 ஏப்ரல் 30 முதல் வீட்டுக்குள் எந்தக் கேமராவும் கூடாது என்று தடை செய்துவிட்டது, அணைத்து வைத்திருந்தாலும் கூடாது. வாசலில் வைக்கலாம், ஆனால் எங்கே இருக்கிறது என்று லிஸ்டிங்கில் சொல்லியிருக்க வேண்டும். போனதும் படுக்கைக்கும் குளியலறைக்கும் நேராகப் பார்க்கும் பொருள்களைக் கவனியுங்கள்: கடிகாரம், புகை அலாரம், சார்ஜர், காற்றுத் துளை. விளக்கை அணைத்து டார்ச் அடித்தால் லென்ஸ் சின்னப் புள்ளியாக மின்னும். ஏதாவது கிடைத்தால் தொடாமல் படம் எடுத்து, வெளியே வந்து, தளத்துக்கும் காவல்துறைக்கும் சொல்லுங்கள்.

நாங்க எடுக்குற வீடு அந்த ஊர்ச் சட்டப்படி சரியானதான்னு எப்படித் தெரியும்?

இதை யாரும் முதலில் கேட்பதில்லை, ஆனால் குடும்பமாகப் போகிறவர்களுக்கு இது நேரடியாக இடிக்கும். நியூயார்க் நகரத்தில் 2023 செப்டம்பரிலிருந்து 30 நாளுக்குக் குறைவாக வாடகைக்கு விடும் ஹோஸ்ட் பதிவு செய்திருக்க வேண்டும், அதே வீட்டில் உடன் இருக்க வேண்டும், இரண்டு பேருக்கு மேல் தங்கவைக்கக் கூடாது. நான்கு பேர் குடும்பத்துக்கு முழு வீடு என்று அங்கே ஒருவர் சொன்னாலே சந்தேகப்பட வேண்டும். ஆம்ஸ்டர்டாமில் சொந்த வீட்டை விடுமுறைக்கு விடுபவர் நான்கு பேர் வரைதான் தங்கவைக்கலாம். ஜப்பானில் 2018 ஜூனில் வந்த சட்டப்படி ஒரு வீட்டை ஆண்டுக்கு 180 நாள் வரை விடலாம்.

பார்சிலோனா நகர நிர்வாகம் 2028 நவம்பருக்குள் சுற்றுலா அபார்ட்மென்ட் உரிமங்களை முடிவுக்குக் கொண்டுவருவதாக அறிவித்திருக்கிறது. பதிவு தேவைப்படும் ஊர்களில் லிஸ்டிங்கின் அடியில் பதிவு எண் இருக்கும். இல்லையென்றால் கேளுங்கள். 'யாராவது கேட்டால் நண்பர் வீடு என்று சொல்லுங்கள்' என்று எந்த ஹோஸ்டாவது சொன்னால், அந்த வீடு வேண்டாம். அதிகாரிகள் கேட்கும்போது குழந்தைகள் முன்னால் நின்று பொய் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

உள்ளே போனதும் முதல்ல என்ன செய்யணும்?

பெட்டியைத் திறப்பதற்கு முன் ஒருவர் எல்லா அறைகளையும் போனில் வீடியோ எடுக்கட்டும். ஏற்கெனவே இருக்கும் கீறல், கறை, உடைசல் எல்லாம் அதில் வரட்டும். இன்னொருவர் வெளியேறும் வழி, புகை அலாரம், தீயணைப்பான் எங்கே என்று பார்க்கட்டும். மேலே குழந்தைக்காகச் சொன்னவற்றை அப்போதே முடித்துவிடுங்கள்.

கேஸ் அடுப்போ கேஸ் ஹீட்டரோ கணப்போ உள்ள வீடு என்றால் கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம் வேண்டும். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அலாரம் உண்டா என்று லிஸ்டிங்கில் போட்டிருப்பார்கள், இல்லையென்றால் பேட்டரியில் ஓடும் சிறிய அலாரத்தைக் கையோடு கொண்டுபோகலாம். வீட்டில் இருக்கும் பலருக்கு ஒரே நேரத்தில் தலைவலி, தலைசுற்றல், குமட்டல் வந்தால் பயணக் களைப்பு என்று படுத்துவிடாதீர்கள். எல்லாரும் உடனே வெளியே வந்து அவசர உதவியை அழையுங்கள்.

வந்து பார்த்தா சொன்ன மாதிரி இல்ல. என்ன பண்றது?

அன்றைக்கே, ஆப்பில், படத்தோடு ஹோஸ்டுக்கு எழுதுங்கள். சரிசெய்ய ஒரு நேரம் கொடுங்கள். ஆகவில்லையென்றால் தளத்திடம் போங்கள். ஏர்பிஎன்பியில் பிரச்சினையைக் கண்ட 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். ஊர் திரும்பிய பிறகு சொன்னால் கேட்பது கடினம். முன்பே ஹோஸ்ட் 'படி கிடையாது' என்று எழுதிய வரி இப்போதுதான் உங்களுக்குக் கைகொடுக்கும். அவர் எழுதியது ஒன்று, இருப்பது ஒன்று என்று காட்ட முடிந்தால் வாதமே தேவைப்படாது.

பையன் ஒரு விளக்கை உடைச்சிட்டான். சொல்லாம விட்டுடலாமா?

சொல்லிவிடுங்கள், அதுவும் கிளம்பும் முன்பே. ஏர்பிஎன்பியில் ஹோஸ்ட் சேதத்துக்கான பணத்தைச் செக்-அவுட்டிலிருந்து 14 நாளுக்குள் கேட்கலாம். நீங்கள் முதலில் சொன்னால் பல ஹோஸ்டுகள் சிறியவற்றை விட்டுவிடுவார்கள், அல்லது பொருளின் விலையை மட்டும் கேட்பார்கள். நீங்கள் செய்யாத சேதத்துக்குக் கேட்டால், போனதும் எடுத்த வீடியோவைக் காட்டுங்கள். கிளம்பும்போதும் அதே மாதிரி ஒன்று எடுத்துவிடுவது நல்லது.

அந்த ஊர்ல இருக்குற சொந்தக்காரங்க ஒரு நாள் வந்து பார்த்துட்டுப் போகலாமா? குழந்தைக்குப் பிறந்தநாளும் வருது.

கேட்காமல் அழைக்காதீர்கள். ஏர்பிஎன்பி பார்ட்டிகளை 2022 ஜூனில் நிரந்தரமாகத் தடை செய்தது. பத்துப் பேர் கூடிக் கேக் வெட்டுவது உங்களுக்குப் பார்ட்டியாகத் தோன்றாது, கீழ்வீட்டுக்காரருக்குத் தோன்றும். 'மாலை நாலு மணிக்கு உறவினர் நாலு பேர் வந்து ஆறு மணிக்குப் போய்விடுவார்கள்' என்று எழுதிக் கேட்டால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். மறுத்தால் வெளியே சந்தியுங்கள்.

குறையை ரிவியூல எழுதினா, அவங்களும் நம்மளப் பத்தி மோசமா எழுதிட்டா அடுத்த வீடு கிடைக்குமா?

ஏர்பிஎன்பியில் இருவருக்கும் 14 நாள் அவகாசம். இருவரும் எழுதிய பிறகோ அவகாசம் முடிந்த பிறகோதான் இரண்டும் வெளியே தெரியும். உங்களுடையதைப் படித்துவிட்டு அவர் பதிலடியாக எழுத முடியாது.

நடந்ததை நடந்தபடி எழுதுங்கள், குணத்தை விமர்சிக்க வேண்டாம். 'மோசமான வீடு' என்பது யாருக்கும் உதவாது. 'லிஃப்டுக்கு முன் ஏழு படி, குளியலறையில் கைப்பிடி இல்லை, குழந்தைக் கட்டில் கெட்டியாக இருந்தது, இரவு பத்துக்கு மேல் தெருச் சத்தம் உண்டு' என்று எழுதுங்கள்.